எண்ணிக்கொண்டே இருக்கும் சார்ஜென்ட்

“கம்பி எண்ணப் போறேன்” என்று சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப் தட்டிவிட்டேன். அவள் விடியற்காலையிலேயே எழுந்து வாக்கிங் கிளம்புகிற ஜாதி. அரை நிமிடத்தில் போன். “என்னடா பண்ணித் தொலைச்ச அங்க போயி?” பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டு நீண்டது. போன், வாட்ச், பர்ஸ், பேனா, சட்டைப்பையில் கிடந்த இரண்டு நிஜாம் பாக்குப் பொட்டலம் என அத்தனையும் தட்டில் ஏறி லாக்கருக்குள் போய்விட்டன. பாக்கை மட்டும் ஜன்னல்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, அப்புறம் என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

இடம், ஓஹையோவில் ஒரு கவுண்டி ஜெயில். நேரம், மாலை ஐந்தே முக்கால். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. ஓஹையோவில் மட்டும் 88 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஷெரிஃப் ஒருவர், பெரும்பாலும் அவர் பொறுப்பில் ஒரு ஜெயில். என் மச்சான் குடியிருக்கும் கவுண்டியில் பொதுமக்களுக்கென்று ஷெரிஃப் அலுவலகம் ஒரு வகுப்பு நடத்துகிறது. ஒரு வாரம்கூட விடாமல் போய் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவர், “எங்க அத்தான் பத்திரிகைக்காரர்” என்று சொல்லி எனக்கு ஒரு மாலை வாங்கிக் கொடுத்துவிட்டார். ஊர் பேர், ஆள் பேர் எழுதக் கூடாது என்பது ஒப்பந்தம். எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதப் போகிறேன். வாருங்கள்.

பேனா இல்லாமல் விழித்த என்னிடம் ஒரு ஆறுதல் பரிசு தந்தார்கள். கைதிகளுக்குக் கொடுக்கும் பேனா. சுண்டுவிரல் நீளம், ரப்பர் மாதிரி வளைகிறது. அதை வைத்து யாரையும் குத்த முடியாது என்பது உறுதி. எழுதவும் முடியாது என்பது என் அனுபவம்.

அழைத்துப் போக வந்தவர் அன்றைய இரவு ஷிஃப்ட்டின் சார்ஜென்ட். ஐந்தடி உயரம் இருந்தால் அதிகம். கையில் மூன்று பட்டி, இடுப்பில் ரேடியோ, கையுறைப் பை, ஒரு பெரிய சாவிக்கொத்து. துப்பாக்கியைக் காணோம். கேட்டேன். “உள்ளே யாரும் எடுத்துட்டுப் போறதில்ல. ஐம்பது பேர் நடுவுல நான் ஒருத்தி. துப்பாக்கி இருந்தா அது யாரோடதுன்னு நினைக்கிறீங்க?” என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

முதல் கதவு பின்னால் மூடிக்கொண்டால்தான் இரண்டாவது கதவு திறக்கும். நடுவில், லிஃப்ட் அளவு இடத்தில், நானும் அவரும். கூரையிலிருந்து ஒரு குரல்: “எத்தனை?” சார்ஜென்ட் நிமிராமலே, “அதிகாரி ஒண்ணு, விருந்தாளி ஒண்ணு.” கூரை யோசித்துவிட்டு, “ரெண்டு” என்றது. டணார்! உள்ளே வந்தாயிற்று. எனக்குள் பத்து வயதுப் பையன் ஒருவன் குதிக்க ஆரம்பித்துவிட்டான்.

முதலில் அதிகாரிகள் கூடிப் பேசுகிற அறை. சினிமாவில் காட்டும் கெடுபிடி அறையை எதிர்பார்த்துப் போனால், கல்யாண வீட்டுக்கு மறுநாள் மாதிரி இருக்கிறது. மேசையில் யாரோ ஓய்வுபெற்றதற்கு வெட்டிய கேக். ‘ஹேப்பி ரிட்டை’ வரைக்கும்தான் மிச்சம். மைக்ரோவேவ் மேல் ஒரு தாள்: ‘மீன் சூடு பண்ணாதே. நீ யாரென்று எங்களுக்குத் தெரியும்.’ அதற்குக் கீழே வேறு கையெழுத்தில்: ‘அது மீன் இல்லை, டூனா.’ பினாயில், காபி, காலுறை மூன்றும் கலந்த ஒரு வாசனை. சீருடைக்காரர்கள் சுவரில் சாய்ந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருந்தார்கள்.

சார்ஜென்ட் கையில் ஒரு பட்டியல். காவலுக்கு ஆள் நிற்க வேண்டிய இடம் பதினான்கு. வந்திருப்பது பன்னிரண்டு பேர். இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லையாம். “உடம்பா, மேட்சா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் நிசப்தம். அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பகல் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குக் கிளம்பியவர்களில் இருவரை நிறுத்திவைக்க வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மேன்டேட்’. மறுக்க முடியாது. பன்னிரண்டு மணி நேரம் ஏற்கெனவே நின்ற கால்களுக்கு இன்னும் சில மணி நேரம். ஒரு இளைஞர் தலையை அப்படியே மேசையில் சாய்த்தார். மகளுக்குப் பள்ளியில் நாடகமாம், இவள் மரமாக நடிக்கிறாளாம். சார்ஜென்ட் பட்டியலை ஒரு நிமிடம் முறைத்தார். பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதினார். “மரம் பேசுமா?” என்றார். “ஒரு வரி இருக்கு சார்ஜ்.” “ஓடு!” அந்த ஆள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே!

சார்ஜென்ட் வேலை என்றால் என்ன என்று அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கைதிகளுக்கும் மேலிடத்துக்கும் நடுவில் அதிகாரிகள். அதிகாரிகளுக்கும் மேலிடத்துக்கும் நடுவில் இவர். நம்மூர்க் கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் கணக்கு.

அப்புறம் எண்ணிக்கை தொடங்கியது. சாவிக்கொத்துகள்: ஒவ்வொரு வளையத்திலும் எத்தனை சாவி என்று தகடு தொங்குகிறது, இருந்தும் எண்ணினார். ரேடியோ எண்ணினார். கைவிலங்கு எண்ணினார். சமையலறைக் கரண்டி எண்ணினார். காலையில் கொடுத்து வாங்கிய ஷேவிங் ரேஸர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, பிளேடு உள்ளே இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எண்ணினார். நான் உதடு பிதுக்கியதைக் கவனித்திருப்பார் போல. “ஜெயில்ல எதை எண்ணலியோ, அது காணாமப் போயிடும்” என்றார், நம் வீட்டுப் பாட்டிகள் பால் கணக்கு சொல்கிற தொனியில்.

தன் பெயரை எழுதிக்கொண்டதால், எட்டு மணிவரை அவருக்குப் புக்கிங் பகுதி. போலீஸ் பிடித்து வருகிறவர்கள் முதலில் கால் வைக்கும் இடம் இது. பிரிஸன் வேறு, ஜெயில் வேறு என்று இங்கேதான் எனக்கு உறைத்தது. தண்டனை வாங்கிப் பல வருடம் இருக்கப் போகிறவர்கள் மாநிலத்தின் பிரிஸனுக்குப் போகிறார்கள். கவுண்டி ஜெயில் அதற்கு முந்தைய திண்ணை. நம்மூர்க் கிளைச்சிறை மாதிரி. விசாரணைக்குக் காத்திருப்பவர்கள், ஜாமீன் பணம் புரளாதவர்கள், குறுகிய தண்டனைக்காரர்கள். அமெரிக்க ஜெயில்களில் ஒரு நாளில் ஆறரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். ஆனால் வருடம் முழுக்க உள்ளே வந்தவர்களை எண்ணினால் 70 லட்சம் தடவைக்கும் மேல் போகிறது. சத்திரம் மாதிரி வருவதும் போவதுமாக இருக்கிற இடம். அதனால்தான் எல்லாரும் களைத்திருக்கிறார்கள், எல்லாரும் புதுமுகங்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், அறுபது வயதிருக்கும், நரைத்த குதிரைவால் முடி. ஏதோ அபராத வழக்கில் கோர்ட் தேதிக்குப் போகாததால் வாரண்ட். அவர் பையிலிருந்து எடுத்ததையெல்லாம் ஒரு அதிகாரி உரக்கச் சொல்ல, இன்னொருவர் தட்டச்சு செய்தார். “பெல்ட் ஒண்ணு. ஷூ லேஸ் ரெண்டு. பணம் மூணு டாலர் பதினேழு சென்ட். சுரண்டல் லாட்டரி டிக்கெட் ஒண்ணு… சுரண்டலை.” அதிகாரி நிமிர்ந்தார். “ஏன் சுரண்டலை?” பெரியவர் தோளைக் குலுக்கினார். “நல்ல நாளா பார்த்துச் சுரண்டலாம்னு வெச்சிருந்தேன்.” யாரும் சிரிக்கவில்லை. மூன்று விநாடி கழித்து அவரே சிரித்ததும், எல்லோரும் வெடித்துவிட்டார்கள்.

அவருக்கு ஒரே கவலை. வீட்டில் நாய் தனியாக இருக்கிறது. பக்கத்து வீட்டு நம்பர் போனில் இருக்கிறது, போன் பையில் சீல் வைத்தாயிற்று. சார்ஜென்ட் ஒரு பெருமூச்சு விட்டு, சீலை உடைத்து, நம்பரை எடுத்து, தானே பேசி, மறுபடி சீல் வைத்து, உடைத்ததற்கும் வைத்ததற்கும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டார். நாய்க்குக் கோழி ஒத்துக்கொள்ளாது என்ற தகவலைப் பக்கத்து வீட்டம்மாளிடம் மறக்காமல் சொன்னார்.

எட்டு மணி. கைதிகள் இருக்கும் பகுதிக்கு நடந்தோம். எனக்கு நெஞ்சு படபட. கம்பி வரப்போகிறது!

கம்பி இல்லை.

நிஜமாகவே இல்லை. ‘பாட்’ என்கிறார்கள், விரிந்த ஒரு கூடம், சுற்றி இரண்டு அடுக்கில் அறைகள், அறைகளுக்குக் கண்ணாடிப் பட்டை வைத்த கதவு. நடுவில் தரையோடு தைத்த மேசைகள், டிவி. அவர்களுக்கு நடுவிலேயே ஒரு மேசை போட்டு ஒரே ஒரு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், வாத்தியார் மாதிரி. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒளிந்துகொண்டு கண்காணிப்பதைவிட, கூடவே இருந்து பேசிப் பழகினால் சண்டை குறையும் என்பது யோசனை. 1970களில் மத்திய அரசின் ஜெயில்களில் முயன்று பார்த்து, 1981இல் கலிஃபோர்னியாவின் மார்ட்டினெஸ் ஊரில் முதல்முதலாக ஒரு கவுண்டி ஜெயிலை இப்படிக் கட்டினார்களாம். ஆக, இந்த ஊரில் கம்பி எண்ணுகிறவர்கள் யாருமில்லை. எண்ணுவதெல்லாம் அதிகாரிகள்தான், அதுவும் தலைகளை.

ஆண்கள் பாட் வாசலில் சார்ஜென்ட் தொண்டையைத் திறந்தார்: “பெண் அதிகாரி வர்றேன்!” பாத்ரூமில் இருப்பவர்கள் சுதாரித்துக்கொள்ள இந்த அறிவிப்பு, விதியே உண்டு. பின்னால் பெண்கள் பாட் போனபோது எனக்காக இன்னும் பலமாக முழங்கினார்: “ஆண் வர்றார்!” கட்டியங்காரன் முன்னே போக அரசவைக்குள் நுழைகிற தோரணை எனக்கு வந்துவிட்டது. உள்ளே ஒரு பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்து, “இதுக்கா இவ்வளவு சத்தம்?” என்றார்.

ஒரு சங்கடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. சார்ஜென்ட் கைதிகளிடம் பேசியதை ‘நீ’ என்று எழுதுவதா, ‘நீங்க’ என்றா? அவர் ஒவ்வொருவரையும் மிஸ்டர், மிஸ் போட்டுத்தான் கூப்பிட்டார், திட்டும்போதுகூட. ஆகவே ‘நீங்க’.

அன்றைய வழக்குகள் வரிசை கட்டின. ஒருத்தருக்கு மெத்தை கிழிந்திருக்கிறது. ஒருத்தர் வக்கீல் போன் எடுக்கவில்லை. ஒருத்தர் எழுத்துமூலமாகவே புகார் கொடுத்திருந்தார்: தட்டில் வைத்த வேர்க்கடலை வெண்ணெய் நேற்றைவிடக் குறைவு. சார்ஜென்ட் அதை முழுக்க வாசித்தார். “நீங்க அளந்தீங்களா?” “கண்ணால பார்த்தேன்.” “சமையலறையில கேக்கறேன். பதில் எழுத்துல வரும்.” வரும் என்று எனக்கே நம்பிக்கை இருந்தது.

பெரிய வழக்கு டிவி ரிமோட். ஒரு கூட்டத்துக்குக் கூடைப்பந்து, இன்னொரு கூட்டத்துக்குச் சமையல் போட்டி. ராத்திரிச் சாப்பாடு நாலரைக்கே முடிந்துவிட்ட ஐம்பது ஆம்பிளைகள், எவனோ வெண்ணெயில் இறால் வதக்குவதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்க்கிற காட்சியை நான் மறக்க மாட்டேன். சமையலுக்கே ஓட்டு அதிகம். கூடைப்பந்து நாளைக்கு என்று தீர்ப்பாயிற்று.

பசி வேளையில் கைகொடுப்பது ராமென் நூடுல்ஸ். ‘கமிஸரி’ என்கிற உள்கடையில் காசிருப்பவர்கள் வாங்கலாம். அது சாப்பாடு மட்டுமில்லை, நாணயமும்தான். சீட்டாட்டப் பந்தயம், முடிவெட்டும் கூலி, எல்லாம் நூடுல்ஸ் பாக்கெட்டில். பாக்கெட்டுக்குள்ளேயே நூடுல்ஸை நொறுக்கி, காரச் சிப்ஸைப் பொடித்துப் போட்டு, குழாய் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி அமுக்கி வைக்கிறார்கள். பிரித்தால் கொழுக்கட்டை மாதிரி ஒரு வஸ்து. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பார்வையாளர் வாங்கிச் சாப்பிட அனுமதியில்லை. இதுதான் அன்றைய என் ஒரே மனக்குறை.

“எங்க ஊர்ல ஜெயிலுக்குப் போறதைக் களி திங்கப் போறதுன்னு சொல்லுவோம்” என்று சார்ஜென்ட்டிடம் சொன்னேன். களியை விளக்கியதும் அவர் கண் மின்னியது. “எங்களுக்கும் ஒண்ணு இருக்கே, நியூட்ராலோஃப்!” காய், ரொட்டி, பருப்பு எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துச் சுட்ட கட்டி. சத்து உண்டு, ருசி கிடையாது. தட்டை வீசி அடிப்பவர்களுக்குச் சில ஜெயில்களில் அதைத்தான் கொடுக்கிறார்கள். நம் களியின் அமெரிக்க ஒன்றுவிட்ட தம்பி. சிகாகோவின் குக் கவுண்டி ஜெயிலில் கைதிகளே பீட்சா சுட்டு மற்றக் கைதிகளுக்கு விற்கிறார்கள் என்று 2017இல் செய்தி வந்தபோது, இங்கே ஒரு மாதம் புகார் மனு குவிந்ததாம். ‘எங்களுக்கு ஏன் பீட்சா இல்லை?’

ஒரு அறை வாசலில் மட்டும் சார்ஜென்ட்டின் கிண்டல் நின்றது. வெளியே நாற்காலி போட்டு ஒரு அதிகாரி உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். சில நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் நேரம் குறிக்கிறார். உள்ளே கிழிக்க முடியாத கனத்த பச்சை அங்கியில் ஒரு பையன், இருபது வயது இருக்கலாம். அமெரிக்க ஜெயில் மரணங்களில் தற்கொலைதான் நெடுங்காலமாக முதலிடம். சார்ஜென்ட் முட்டி மடங்கத் தரையில் உட்கார்ந்து, தட்டு நீட்டும் துவாரத்தின் வழியாகப் பேசினார். என்ன பேசினார் என்கிறீர்கள்? கெளுத்தி மீன் பிடிப்பதைப் பற்றி. எந்த ஏரி, என்ன இரை, ராத்திரியா பகலா. பையன் முதலில் ஒற்றை வார்த்தை, அப்புறம் ஒரு வாக்கியம். கடைசியில், “கோழி ஈரலா? அதெல்லாம் வேலைக்காவாது சார்ஜ்” என்று ஒரு சண்டை. எழுந்தபோது சார்ஜென்ட்டின் முழங்கால் சொடக்குப் போட்டது. “நான் மீனே பிடிச்சதில்ல” என்றார் என்னிடம் மெதுவாக. “என் புருஷன் பேசறதைக் கேட்டுக் கேட்டு…”

அவருடைய அறைக்குப் போனோம். அறையா அது, அலமாரி! ஒரு மூலையில் பறிமுதல் பெட்டி: சோப்பில் செதுக்கிய தாயக்கட்டை, ரொட்டியைப் பிசைந்து காயவைத்த சதுரங்கக் குதிரை (கலைஞன் யாரோ, பிடரி மயிர்கூட இருக்கிறது). இன்னொரு மூலையில் மாற்றுக் காலுறை, வாய்வு மாத்திரை, குழந்தைகளுக்குப் போடும் பவுடர் டப்பா. பவுடர் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், ரேடியோ அலறியது. “சி பாட், உதவி!” அவ்வளவுதான். ஐந்தடி மனுஷி அம்பாகப் பறந்தார். ‘நான் ஓடினா நீங்க சுவரோட ஒட்டிக்குங்க’ என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார், பல்லியாக ஒட்டிக்கொண்டேன். எங்கிருந்தோ ஆறு பேர் என்னைக் கடந்து ஓடினார்கள், பூட்ஸ் சத்தம், சாவிச் சத்தம், கதவு டணார் டணார்.

நான்கு நிமிடத்தில் திரும்பி வந்தார். வெந்நீர்க் குழாய் வரிசையில் யார் முன்னால் என்று இரண்டு பேர் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். பிரித்தாயிற்று, இருவரையும் நர்ஸ் பார்க்கிறார், ஒருவருக்கு உதட்டில் கீறல். சார்ஜென்ட் குண்டு துளைக்காத அங்கியின் பட்டையைக் கரகரவென்று பிரித்தார். உள்ளே பனியன் பிழிந்தால் சொட்டும் ஈரம். பவுடர் டப்பாவின் ரகசியம் வெளியாயிற்று. “சண்டை நாலு நிமிஷம். இனிமே ரெண்டு மணி நேரம் எழுதணும்” என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இரண்டு விரலால், டொக் டொக்.

அதற்கும் நேரம் விடவில்லை கடவுள். பத்தரை மணி, எல்லோரும் அறைக்குள். தலை எண்ணும் நேரம். கைப்பட்டையைக் காட்டி, முகத்தைக் காட்டி, பெயர் சொல்ல வேண்டும். பாட்டுக்குப் பாட்டு எண்ணிக்கை வர, கூரைக் குரல் கூட்டிக்கொண்டே வந்தது. இருக்க வேண்டியது 211. வந்தது 210.

ஜெயில் முழுக்க உறைந்தது. ஒரு கதவும் திறக்காது. மறுபடி எண்ணினார்கள். 210. சார்ஜென்ட்டின் கழுத்து சிவந்தது. சலவைப் பட்டியல், ஆஸ்பத்திரிப் பட்டியல், சமையல் வேலைக்காரர் பட்டியல் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி விரலால் ஓட்டினார். யாரும் ஜோக் அடிக்கவில்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்து ரப்பர் பேனா வழுக்கியது. திடீரென்று நிமிர்ந்தவர், “நாய்!” என்றார். புக்கிங்குக்கு ஓட்டம். காத்திருப்பு அறையின் கண்ணாடியில் பார்த்தால் காலி பெஞ்ச். கதவைத் திறந்து குனிந்தால், பெஞ்சுக்கு அடியில், சுவரோரமாக, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு நம் லாட்டரிப் பெரியவர் குறட்டை. “எதுக்கு சார் கீழே?” “மேலே லைட் கண்ணைக் கூசுது.” சார்ஜென்ட் சுவரில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் பாதி அழுகை. “இருநூத்திப் பதினொண்ணு” என்றார் ரேடியோவில். கூரை “ஆமென்” என்றது.

நள்ளிரவில் அவரே என்னை வாசலுக்குக் கூட்டி வந்தார். நடக்கும்போது, வீட்டில் படுக்கப் போகும்முன் பிள்ளைகளை எண்ணுவதாகச் சொன்னார். “ரெண்டு பேர்தான். ஒருத்தி காலேஜ் போயிட்டா. அது தெரியும். இருந்தாலும் ஒண்ணு குறையுதேன்னு ஒரு செகண்ட் வயித்தைக் கலக்கும்.”

லாக்கரைத் திறந்தேன். பாக்குப் பொட்டலம் இரண்டு, சரி. போனில் சிங்கப்பூரிலிருந்து தவறிய அழைப்பு முப்பத்தொன்று. கடைசியாக ஒரு செய்தி: ‘வக்கீலுக்குச் சொல்லிட்டேன். தைரியமா இரு.’ அசடு வழியக் கை குலுக்கிவிட்டு வெளிக்கதவை நோக்கி நடந்தேன். கதவு திறக்கவில்லை. கூரையைப் பார்த்தேன்.

“சார்ஜ்,” என்றது கூரை, “விருந்தாளி பேட்ஜ் ஒண்ணு குறையுது.”

கழுத்தைத் தடவிப் பார்த்தேன். அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.